நல்ல நேரத்தில் பிறந்த எண்

ஆவுடைநாயகம் ராகு காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் அல்ல. அன்று கிளம்பிவிட்டார். அதிலிருந்தே விஷயம் எப்படி என்று தெரிந்துகொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை. ஊரில் தேர். ரத வீதி நான்கும் அடைப்பு. மனிதர் சந்து சந்தாகப் புகுந்து, மாவு மில்லின் மாடிக்கு ஏறி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மாடியில் லிடியா டீச்சர் இருந்தார். அவர்தான் குரு. ரகசிய எண்களை எப்படிச் செய்வது, பாஸ்வேர்டை எப்படிக் காப்பது, அதை எப்படி உடைப்பார்கள் என்பதெல்லாம் அங்கே பாடம். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்திரண்டு. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தெரிந்தவர் சொல்கிறார், தெரியாதவர் கேட்கிறார்.

“உட்காருங்க அண்ணாச்சி.”

அவர் உட்காரவில்லை.

“டீச்சர், ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“ஒரு கதவு. ஆறு இலக்க எண் போட்டாத்தான் திறக்கும். தினமும் எண் மாறும். மூணு தடவை தப்பா அழுத்தினா விடியிற வரைக்கும் வெளியே இருந்து திறக்காது. குருட்டாம்போக்குல ஒருத்தன் திறக்கணும்னா ஏறக்குறைய ஆயிரம் வருஷம் ஆகும். கணக்கு சரியா?”

“சரி.”

“அப்போ எனக்கு ஏன் கை நடுங்குது?”

குரு அந்தக் கையைப் பார்த்தார்.

“எந்தக் கதவு?”

சொன்னார். வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்கள் தங்கும் அடைக்கல இல்லம் ஒன்று உண்டு. அதன் கதவு. அங்கே சுபாஷினி என்ற பெண்ணும் அவள் மகளும் இருக்கிறார்கள். அவள் கணவன் பிரேம்நாத், ஆவுடைநாயகத்தின் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரன். ஒருநாள் அவள் உதடு கிழிந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இவரும் இவர் மனைவியும்தான் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிறகு இவரே அந்தக் கதவுக்குப் பூட்டு செய்து, புரோகிராமும் எழுதிக் கொடுத்தார்.

“இடத்தைக் கண்டுபிடிச்சுட்டான் டீச்சர். ஆறு நாளா வர்றான். சாயங்காலம் சரியா ஆறு மணி. சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. மூணு எண் அழுத்துறான். திறக்கலைன்னா போயிடுறான். நேத்து சிரிச்சுக்கிட்டே போனானாம்.”

“என்ன எண் அழுத்துறான்?”

“ஏதோ தப்பான எண்.”

“என்ன எண்?”

ஆவுடைநாயகத்துக்குத் தெரியவில்லை. தப்பு என்றால் தப்பு. அதை யார் போய்ப் பார்ப்பார்கள்?

“போன் போடுங்க.”

இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவர் செல்லத்தாய். யாராவது எண்ணைத் தப்பாக அழுத்தினால் அந்த எண் அவர் போனுக்கு வரும். முதல் மணியிலேயே எடுத்தார்.

“எய்யா, இன்னைக்கும் வருவானா?”

“அக்கா, அவன் அழுத்தின எண்ணெல்லாம் போன்ல இருக்கா?”

“இருக்கு. அது எதுக்கு இப்போ? இங்க சுபா காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. பிள்ளைய மடியில வச்சுக்கிட்டுக் கதவையே பாத்துட்டு இருக்கா.”

“போலீஸ்?”

“ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன். எண்ணு அழுத்துறது குத்தமாம்மான்னு கேக்காவ. ரொம்ப அழுததுக்கு அப்புறம், தேர் நிலைக்கு வரட்டும், ரெண்டு பேரை அனுப்புதோம்னு சொன்னாவ.”

“எண்ணை வாசிங்க அக்கா.”

செல்லத்தாய் நாள்வாரியாக வாசித்தார். குரு கரும்பலகையில் எழுதினார். எழுதி முடித்ததும் திரும்பினார்.

“உள்ள தாழ்ப்பாள் இல்லையா?”

“தீப்பிடிச்சா ஓடணும்னு கழட்டச் சொல்லிட்டாங்க. கரன்ட்டை நிறுத்தினா பூட்டு தானாத் திறந்துக்கும், அதுவும் அதுக்காகத்தான். பீரோவை நகர்த்தி வைக்கலாம்னா, கதவு வெளிப்பக்கமாத் திறக்கிற கதவு.”

“அப்போ எண் ஒண்ணுதான் காவல்.”

“எண் ஒண்ணுதான்.”

“உங்க புரோகிராம் அந்த எண்ணை எங்கிருந்து எடுக்குது?”

“கம்ப்யூட்டர் உருட்டிக் கொடுக்குது.”

“உருட்ட ஒரு தொடக்கம் வேணும். என்ன கொடுத்தீங்க?”

“கடிகாரம். புரோகிராம் தொடங்குற நேரம், விநாடி வரைக்கும். அதை வச்சு முதல் எண்ணைச் செய்யும். அதுல இருந்து மறுநாள் எண். அதுல இருந்து அதுக்கு மறுநாள். போய்க்கிட்டே இருக்கும்.”

“அதே விநாடியை இன்னொருத்தர் கொடுத்தா?”

“அதே எண்கள் வரும். ஆனா எந்த விநாடின்னு யாருக்குத் தெரியும்? வருஷத்துக்கு மூணு கோடி விநாடி இருக்கு டீச்சர்.”

“எப்போ தொடங்கினீங்க?”

ஆவுடைநாயகத்தின் கண் சுவருக்குப் போயிற்று. அங்கே மாவு மில் முதலாளி கொடுத்த தினசரி காலண்டர் தொங்கியது.

“நல்ல நேரம் பார்த்தீங்களா?”

“பார்க்காம எப்படி? பொம்பளைப் பிள்ளைங்க இருக்கிற இடம்.”

“என்னைக்கு?”

“வைகாசியில ஒரு வெள்ளிக்கிழமை. வளர்பிறை. காலையில ஒன்பதரைக்கு நல்ல நேரம்.”

“ஆபீஸ்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“மூச்சு விடலை.” கொஞ்சம் பொறுத்து, “லட்டு கொடுத்தேன்” என்றார்.

“யாருக்கு?”

“எல்லாருக்கும்.”

“பிரேம்நாத்துக்கு?”

“பக்கத்து சீட்டு. அவனுக்கு மட்டும் கொடுக்கலைன்னா சந்தேகப்படுவானே.”

“வாங்கிக்கிட்டு என்ன சொன்னான்?”

“கிண்டல் பண்ணினான். எப்பவும் பண்ணுவான். ‘இன்னைக்குக் காலண்டரைப் பார்த்து எதைத் தொடங்கினீங்க அண்ணாச்சி’ன்னான். ஆபீஸ்ல கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணக்கூட நான் நேரம் பார்ப்பேன்னு...”

அங்கே நின்றுவிட்டார்.

“நீங்க புரோகிராம் எழுதுற விதம் அவனுக்குத் தெரியுமா?”

“ஒன்பது வருஷமா என் புரோகிராமை அவன்தான் சரிபார்க்கிறான்.”

குரு மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினார்.

“அந்த வெள்ளிக்கிழமை. ஒன்பதரை மணி. பூஜ்யம் விநாடி. அப்போ தொடங்கியிருந்தா, அவன் முதல்ல வந்த அன்னைக்கு எண் என்ன?”

கொடுத்தார். திரையில் எண் வந்தது. கரும்பலகையில் முதலில் இருந்த எண்.

“அடுத்த விநாடி.”

கரும்பலகையில் இரண்டாவது எண்.

மூன்றாவதைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பார்த்தார். அதுவும் அதேதான்.

மறுநாளைக்கு அடுத்த மூன்று விநாடி. அதற்கு மறுநாள் அதற்கடுத்த மூன்று. ஒன்று பிசகவில்லை. அந்த ஆள் குருட்டாம்போக்கில் அழுத்தவில்லை. படி எண்ணி ஏறுகிறவன் மாதிரி விநாடி விநாடியாக ஏறி வந்துகொண்டிருந்தான்.

வெளியே தேர் நகர்ந்தது. வடம் பிடித்தவர்களின் இரைச்சல் எழுந்து அடங்கியது.

“நீங்க எந்த விநாடியில அழுத்தினீங்க?” என்றார் குரு.

“ஒன்பதரை ஆச்சு. பிள்ளையாரைக் கும்பிட்டேன். சின்ன ஸ்லோகம்தான். முடிஞ்சதும் அழுத்தினேன்.”

“ஸ்லோகம் எவ்வளவு நேரம்?”

தெரியவில்லை. தேடினார்கள். இல்லத்தில் இன்று ஓடும் எண்ணை மடிக்கணினி வழியே எடுத்து, அது எந்த விநாடிக்குப் பிறந்தது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். பத்தொன்பதாவது விநாடி. பிரேம்நாத் நேற்று பதினேழில் நிறுத்தியிருந்தான்.

குரு குரலை உயர்த்தவில்லை.

“இன்னைக்கு ரெண்டாவது தடவையில திறக்கும்.”

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

ஆவுடைநாயகம் மடிக்கணினியை இன்னும் கிட்டே இழுத்தார்.

“மாத்திடுறேன். இங்க இருந்தே மாத்தலாம். கடிகாரமே வேண்டாம். நானே மனசுல தோணுற எண்ணைக் கொடுக்கிறேன்.”

“தோணுறதைப் போர்டுல எழுதுங்க. நாலஞ்சு எழுதுங்க. யோசிக்காம.”

மளமளவென்று எழுதினார். குரு பார்த்தார்.

“எட்டு எங்கே?”

“எது?”

“எட்டு. ஒண்ணுலகூட இல்லையே.”

ஆவுடைநாயகமும் பார்த்தார். இல்லை.

“எட்டு ஆகாது டீச்சர். சனி.”

“கூட்டிப் பாருங்க.”

கூட்டினார். முதல் எண் ஒன்பதில் வந்து நின்றது. இரண்டாவதும் ஒன்பது. மூன்றாவது ஆறு. அடுத்தது மறுபடி ஒன்பது.

“சத்தியமா வேணும்னு எழுதலை.”

“தெரியும். வேணும்னு எழுதியிருந்தா இவ்வளவு சரியா வராது. வண்டி நம்பரும் ஒன்பதுதானே?”

“ஆமா. அந்த நம்பர் வாங்க என்கூட நாள் முழுக்க நின்னதே பிரேம்நாத்துதான்.”

குரு துணியை எடுத்து அந்த எண்களை அழித்தார்.

ஆவுடைநாயகம் காலண்டரைப் பார்த்தார். ஞாயிறு. ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை. அவர் முகத்தில் ஒரு வீறாப்பு வந்தது.

“இப்பவே தொடங்குறேன். இந்த நிமிஷம். ராகு காலத்துல நான் ஒரு காரியத்தைத் தொடங்குவேன்னு அவன் சொப்பனத்துலகூட நினைக்க மாட்டான்.”

அந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய தியாகம் இல்லை. குரு அதை வாங்கிக்கொள்ளவில்லை.

“நினைப்பான். எண் மாறிடுச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்ச அன்னைக்கு, அண்ணாச்சி பயந்துட்டாரு, பயத்துல ராகு காலம்கூடப் பார்க்கலைன்னு நினைப்பான். ஒன்றரை மணி நேரம். மூணு கோடி விநாடி அஞ்சாயிரத்துச் சொச்சமாச் சுருங்கிடும். அவன் பூட்டை உடைக்கலை அண்ணாச்சி. உங்களை எண்ணிக்கிட்டு இருக்கான்.”

“பிறகு நான் யாரைத்தான் கேட்கிறது?”

“உங்களைத் தெரியாத ஒண்ணை.”

“எது?”

“இந்த மெஷினுக்குள்ள ஒரு பானை இருக்குன்னு வச்சுக்குங்க. நீங்க ஒரு எழுத்தைத் தட்டுறதுக்கும் அடுத்ததைத் தட்டுறதுக்கும் நடுவுல உள்ள இடைவெளி, டிஸ்க் தடுமாறுற தடுமாற்றம், வெளியே இருந்து தகவல் வந்து விழுற நேரம், எல்லாத்தையும் விநாடியில கோடியில ஒரு பங்கு வரைக்கும் அளந்து அதுல கொட்டிக் கலக்கிக்கிட்டே இருக்கும். கலந்ததை யாராலும் திரும்பப் பிரிக்க முடியாது. ஒரு கை அள்ளிக் கொடுன்னு கேட்டா கொடுக்கும். காவலுக்கு நிக்கிற எண்ணை அதுகிட்டதான் கேட்கணும். தினமும் புதுசாக் கேட்கணும். நேத்து எண்ணுக்கும் இன்னைக்கு எண்ணுக்கும் ஒட்டும் இருக்கக் கூடாது, உறவும் இருக்கக் கூடாது. கடிகாரத்தைக் கேட்கிற வரியை அழிங்க.”

புரோகிராமைத் திறந்தார். அந்த வரிக்குப் போனார். விரல் சாவிமேல் நின்றது. கண் ஒருமுறை காலண்டர் பக்கம் ஓடித் திரும்பியது.

அழித்தார். பானையைக் கேட்கும் வரியைக் குரு சொல்லச் சொல்ல எழுதினார்.

“ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.”

ஓட்டினார். எண் வந்தது. 808188.

ஆவுடைநாயகத்தின் விரல் தானாகப் போய் இன்னொரு தடவை அழுத்தியது. வேறு எண் வந்தது.

“எதுக்கு?” என்றார் குரு.

“இல்ல, அது அவ்வளவு சரியா இல்ல. எட்டு எட்டா... பார்க்கவே...”

“தள்ளினது பானையா, நீங்களா?”

ஆவுடைநாயகம் திரையைப் பார்த்தார்.

“நீங்க எதைத் தள்ளுவீங்கன்னு அவனுக்கும் தெரியும்.”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வெளியே தேர் மறுபடி நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் யாரோ, “இழுங்கய்யா, இருட்டுறதுக்குள்ள நிலைக்கு வரணும்” என்று கத்தினார்கள்.

“இல்லத்துக்கு ஏத்துங்க.”

“ஏத்துறேன். முதல் எண் என்ன வருதுன்னு நான் பார்த்து வச்சுக்கிட்டு...”

“பார்க்க வேண்டாம்.”

“டீச்சர்!” முதல் தடவையாகக் குரல் ஏறியது. “பூட்டைச் செஞ்சவன் நான். எனக்குத் தெரியணும். அவசரம்னா நான்தான் ஓடணும்.”

“இதுவரைக்கும் தெரிஞ்சுதா?”

“எப்ப வேணும்னாலும் புரோகிராமைத் திறந்து பார்த்துக்குவேன். போன வாரம்கூட ஒரு வாழைத்தார் கொண்டு போனேன். யாருக்கும் தொந்தரவு கொடுக்காம நானே எண்ணைப் போட்டுத் திறந்து, உள்ள வச்சுட்டு வந்தேன்.”

“உள்ள யார் இருந்தா?”

“சுபாதான். கூடத்துல படுத்திருந்தா. கதவு திறந்ததும் துள்ளி எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மூலைக்கு ஓடிட்டா. ‘நான்தாம்மா, பெரியப்பா’ன்னேன். பிறகு சிரிச்சா.”

குரு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எண் செல்லத்தாய் அக்கா போனுக்கு மட்டும் போகட்டும்” என்றார்.

ஆவுடைநாயகம் அப்படியே மாற்றினார். ஏற்றினார். ஆறுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது.

போன் அடித்தது.

“எய்யா, புது எண்ணு வந்துட்டு. வாசிக்கட்டா?”

“வாசிக்காதீங்க அக்கா,” என்றார் குரு. “வச்சுடாதீங்க. லைன்லயே இருங்க.”

போனை மேசைமேல் வைத்தார்கள். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை ஏதோ கேட்டது. யாரோ வாயைப் பொத்தினார்கள் போலிருக்கிறது. அதன்பின் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

செல்லத்தாயின் குரல் காற்றாக வந்தது.

“வந்துட்டான்.”

சாவிப் பலகை கீச்சிட்டது. ஆறு கீச்சு. பிறகு ஒரு நீளமான கனத்த ஒலி.

“தப்பு,” என்று செல்லத்தாய் எண்ணை வாசித்தார். பதினெட்டாவது விநாடியின் எண்.

மறுபடி ஆறு கீச்சு. ஆவுடைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். அது அவருடைய எண். பிள்ளையாரைக் கும்பிட்டுப் பெற்ற எண். காலையிலிருந்து அந்தக் கதவைக் காத்துக்கொண்டிருந்த எண்.

கனத்த ஒலி.

“தப்பு.”

மூன்றாவது. அதுவும் தப்பு.

பிறகு காலடிச் சத்தம் விலகியது.

“போறான்,” என்றார் செல்லத்தாய். “சிரிச்சுக்கிட்டேதான் போறான், எடுபட்ட பய. இருங்க... இருங்கய்யா... தேர் நிலைக்கு வந்துட்டு போல, முனையில போலீஸ் ரெண்டு பேரு வாராவ. நிறுத்திட்டாவ. பேர் கேக்காவ. ஏ சுபா, இங்க வா, ஜன்னல் வழியாப் பாரு...”

அழுகைச் சத்தம் கேட்டது. குரு போனை அணைத்தார்.

ஆவுடைநாயகம் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். மடித்து வைத்தவர் மறுபடி எடுத்துத் துடைத்தார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“இப்போ அந்தக் கதவு எண் எனக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“உங்களுக்கு?”

“தெரியாது.”

“நாளைக்கு நான் அரிசி கொண்டு போகணும். நான் எப்படி உள்ள போறது?”

குரு கரும்பலகையில் மிச்சமிருந்த எண்களை அழித்தார்.

“கதவைத் தட்டுங்க அண்ணாச்சி.”